டார்க் ரெஞ்ச்: மலைப்பாதையில் ஓடும் கார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பஞ்சர் ஒட்டி முடித்ததும் வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டி, கைப்பிடி மேல் ஏறி நின்று ஒரு அழுத்து அழுத்துவதை எல்லாரும் பார்த்திருப்போம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இது அன்றாடம் நடப்பது. அது நட்டுக்கு எவ்வளவு முறுக்கு கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பிடியின் நீளம் 30 சென்டிமீட்டர், ஏறி நிற்பவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 0.3 மீட்டரை 70 கிலோவால் பெருக்கினால் 21 கிலோகிராம் மீட்டர். நியூட்டன் மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 206. மாருதியின் சின்ன கார்கள் பலவற்றுக்கு வீல் நட் கேட்பது வெறும் 85. அதே ஆள் அடுத்த நட்டைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு நகர்ந்தால் அது 60-இல் நின்றிருக்கலாம். ஒரே சக்கரத்தில் ஒரு நட் 206, பக்கத்து நட் 60.

சமவெளியில் இப்படி ஓட்டினால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மலையில் சீக்கிரம் தெரிந்துவிடும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இடையில் 50 கிலோமீட்டர் பாதை, குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடி பக்கம் கல்லட்டி வழியாகப் போனால் வளைவுகள் 36. ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது, பிரேக் டிஸ்க் சூடாகிறது. நட்டுகள் சமமாக இறுகாத சக்கரத்தில் டிஸ்க் மயிரிழை அளவு கோணிக்கொள்ளும். நாளாக ஆக அது ஒரே சீராகத் தேயாமல், இறக்கத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். ‘டிஸ்க் பெண்ட்’ என்று சொல்லிப் புது டிஸ்க் போட்டு, அதே மாதிரி நட்டுகளை இறுக்கி அனுப்பினால் சில மாதத்தில் நடுக்கம் திரும்ப வந்துவிடும்.

இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் டார்க் ரெஞ்ச், அதாவது நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர். ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பது தெரியாமல் வாங்கி வைத்தால் பாதிப் பயன்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது

நட்டை இறுக்க இறுக்க, அதைத் தாங்கும் போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு, அதாவது சக்கரம் வந்து உட்காரும் சுழலும் நடுப்பாகத்தோடு, சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. போல்ட் எவ்வளவு நீண்டது என்று வீட்டில் அளக்க வழியில்லை. ஆகவே அதற்குப் பதிலாக, நட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டியிருந்தது என்று அளக்கிறோம். அதுதான் டார்க்: கொடுக்கும் விசையை, கை பிடித்திருக்கும் இடத்துக்கும் நட்டின் மையத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கினால் வருவது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் தேய்வதிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையே உள்ள உராய்வில் போகும். போல்ட்டை நீட்டப் பயன்படுவது 10 சதவீதம் போல மட்டுமே. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தக் கடைசிப் பங்கு பெரிதாக மாறிவிடும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும், வீல் நட் ஏறும் போல்ட்டை ஸ்டட் என்பார்கள். கார்களில் சாதாரணமாக இருப்பது எம்12 ஸ்டட், அதாவது 12 மில்லிமீட்டர் விட்டம். டார்க்கை, விட்டத்தாலும் உராய்வைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். சுத்தமாக, உலர்ந்து இருக்கும் மரைக்கு அந்த எண் 0.2 போல இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் ஒரு ஸ்டட்டின் இழுப்பு ஏறக்குறைய 4.2 டன். அதே ஸ்டட்டில் எண்ணெய் தடவி உராய்வு எண் 0.15 ஆகிவிட்டால், ரெஞ்ச் அதே 100 காட்டும்போது இழுப்பு 5.6 டன்னுக்குப் போகும். துருவும் மண்ணும் ஏறி 0.3 ஆகிவிட்டால் 2.8 டன்தான். மூன்று முறையும் ரெஞ்சில் ஒரே எண், சக்கரத்தில் மூன்று விதமான இறுக்கம்.

நீலகிரியில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கி வடகிழக்கு. மழை இல்லாத நாளிலும் மேகம் வந்து வண்டி மேல் உட்கார்ந்துவிடும். எஸ்டேட் ரோட்டில் ஓடும் வண்டியின் ஸ்டட்டுகளைப் பார்த்தால் செம்மண்ணும் துருவும் சேர்ந்து அப்பியிருக்கும். இங்கே நல்ல ரெஞ்சுக்குக் கொடுக்கும் மரியாதையை ஒரு கம்பி பிரஷ்ஷுக்கும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாக இறுகிய சக்கரத்தில், ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள அழுத்தமும் அதனால் வரும் பிடிப்பும்தான் சுமையைச் சுமக்கின்றன. இறுக்கம் குறைந்தால் சக்கரம் நூலளவு நகர ஆரம்பிக்கும், ஸ்டட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளையும், கடைசியில் களைத்து உடையும். மிதமிஞ்சி இறுக்கினாலோ ஸ்டட் நிரந்தரமாக நீண்டு, திரும்ப இழுக்கும் சக்தியை இழந்துவிடும். ஆக இரண்டு வழியும் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்கு.

ரெஞ்சுக்குள் என்ன நடக்கிறது

பீம் வகை மிக எளிமையானது. ஒரு எஃகுத் தண்டு, அதன் தலையிலிருந்து கிளம்பும் மெல்லிய முள், கைப்பிடிக்கு அருகில் ஒரு அளவுத் தட்டு. இழுக்கும்போது தண்டு வளையும். முள்ளின் மேல் எந்த விசையும் இல்லாததால் அது நேராகவே நிற்கும். இரண்டுக்கும் உள்ள விலகலைத் தட்டில் படித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப்போக உள்ளே எதுவும் கிடையாது. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முள்ளை மெல்ல வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம். கைப்பிடி ஓர் ஆணியில் தொங்கும்படி செய்திருப்பார்கள். விசை சரியாக அந்தப் புள்ளியில் இறங்க வேண்டும் என்பதற்காக அது. இழுக்கும்போது கைப்பிடியின் இரு முனைகளும் தண்டைத் தொடாமல் மிதக்க வேண்டும். குறை என்னவென்றால் தட்டை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, மாலை மங்கிய வெளிச்சத்தில் அது அவ்வளவு வசதிப்படாது.

கிளிக் வகைதான் இன்று எல்லாக் கடையிலும் கிடைப்பது. குழாய் போன்ற உடலுக்குள் கைப்பிடிப் பக்கம் ஒரு கனமான ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்கின் முனையில் ஒரு சின்னச் சதுரக் கட்டை. ரெஞ்சின் தலையிலிருந்து குழாய்க்குள் நீளும் தண்டின் வால், அந்தக் கட்டையில் முட்டி நேராக நிற்கும். கைப்பிடியைத் திருகி அளவை ஏற்றினால் ஸ்பிரிங் நசுங்கி, கட்டையை இன்னும் பலமாக அழுத்தும். நட்டில் முறுக்கு ஏற ஏற, தண்டின் வால் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். வைத்த அளவைத் தாண்டியதும் கட்டை சாய்ந்துவிடும், வால் போய்க் குழாயின் உட்சுவரில் ‘டக்’ என்று இடிக்கும். காதில் விழும் சத்தம் அதுதான். கையிலும் ஒரு சின்ன நழுவல் தெரியும்.

இங்கே நன்றாக மனதில் வைக்க வேண்டியது: கிளிக் சத்தம் வந்ததும் ரெஞ்ச் தானாக நின்றுவிடாது. அந்தச் சில பாகை நழுவல் முடிந்ததும் அது வெறும் இரும்புக் கம்பிதான். தொடர்ந்து இழுத்தால் நட்டு தொடர்ந்து இறுகும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு மூன்று முறை கிளிக் செய்வது பலரிடம் உள்ள பழக்கம். ஒவ்வொரு கிளிக்கும் நட்டை அளவுக்கு மேல் கொஞ்சம் தள்ளிவிடும். ஒரு கிளிக், அத்தோடு கையை எடுத்துவிடுங்கள்.

டிஜிட்டல் வகையில் உலோகத்தின் வளைவை ஒரு சென்சார் அளந்து திரையில் எண்ணாகக் காட்டும், அளவு நெருங்கும்போது ஒலி கொடுக்கும், சிலவற்றில் திருப்பிய கோணமும் தெரியும். இன்ஜின் வேலை செய்பவர்களுக்கு அது நல்ல கருவி. வீட்டில் நாலு சக்கரத்துக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

எதை வாங்குவது

வீல் நட்டுக்கு அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) கொண்ட, 40-இலிருந்து 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் கிளிக் ரெஞ்ச் ஒன்று போதும். கிளிக் ரெஞ்சுகளின் துல்லியத்தை உச்ச அளவின் 20 சதவீதத்துக்கு மேல்தான் உறுதி சொல்வார்கள். 200 வரை போகும் ரெஞ்சில் 40-க்குக் கீழே வேலை செய்ய நினைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக், பிரேக் காலிபரின் பின், சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) பிளக் போன்றவற்றுக்கு 10 முதல் 50 வரை போகும் சின்ன ரெஞ்ச், அதாவது எட்டில் மூன்று (3/8) இஞ்ச் டிரைவ், தனியாக வேண்டும். பெரிய ரெஞ்ச் ஒன்றை வைத்தே எல்லா வேலையும் பார்க்க ஆசைப்பட்டால், முதலில் போவது அலுமினிய சம்ப்பின் மரைதான்.

நீளமும் முக்கியம். கை பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 45 சென்டிமீட்டரில் இருந்தால், 100 நியூட்டன் மீட்டருக்கு 23 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் போதும். அந்த இழுப்பை நிதானமாகக் கொடுக்க யாராலும் முடியும். குட்டையான ரெஞ்சில் உடம்பு முழுதும் போட்டு இழுக்க வேண்டிவரும், அப்போது கை உதறி அளவு தாண்டிவிடும்.

பெட்டியோடு ஒரு சோதனைச் சான்றிதழ் வருகிறதா என்று பாருங்கள். அதில் ஐஎஸ்ஓ 6789 என்ற தரநிலையும், சோதித்த அளவுகளும், கிடைத்த பிழையும் இருக்க வேண்டும். கிளிக் ரெஞ்சுக்கு இந்தத் தரநிலை அனுமதிக்கும் பிழை, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும் கருவிகளில் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம்.

சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது

வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். மாருதியின் சின்ன கார்கள் பலவற்றுக்கு 85 நியூட்டன் மீட்டர், பிந்தைய மாடல்கள் சிலவற்றுக்கு 100. பழைய ஹூண்டாய் கார்களுக்கு 9 முதல் 11 கிலோகிராம் மீட்டர், புதியவற்றுக்கு 11 முதல் 13. டொயோட்டா இன்னோவாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். ஒரே பெயரில் வரும் காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு எண் மாறும் என்பதால் என் எண்ணையோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணையோ வைத்து இறுக்காமல் உங்கள் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

அலகைக் கவனியுங்கள். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.81 நியூட்டன் மீட்டர். ஒரு பவுண்ட் அடி என்பது 1.356 நியூட்டன் மீட்டர். கையேட்டில் நியூட்டன் மீட்டரில் உள்ள 103-ஐ, ரெஞ்சின் பவுண்ட் அடிக் கோட்டில் வைத்துவிட்டால் நட்டில் ஏறுவது 140. பல ரெஞ்சுகளில் இரண்டு அளவும் எதிரெதிர்ப் பக்கங்களில் பொறித்திருப்பார்கள், கைதவறிப் புரட்டிப் பிடித்தால் ஏமாந்துவிடுவோம்.

உயரத்தால் இந்த எண்கள் மாறாது. தொட்டபெட்டாவிலும் மேட்டுப்பாளையத்திலும் 85 என்பது 85தான். டயர் காற்றழுத்தம் மாதிரி இதற்கும் மலைக்கென்று தனிக் கணக்கு உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை.

ரெஞ்சில் அளவு வைப்பது

103 வைக்க வேண்டும் என்போம். முதலில் கைப்பிடி அடியில் உள்ள பூட்டைத் தளர்த்துங்கள். உடலில் பொறித்த கோடுகளில் 100 என்ற கோடு வரும்வரை கைப்பிடியைத் திருகுங்கள். கைப்பிடியின் விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றியுள்ள எண்களில் 0, நடுக்கோட்டுக்கு நேரே வந்தால் அது சரியாக 100. அங்கிருந்து இன்னும் திருகி 3 என்ற எண்ணை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 103 ஆயிற்று. பூட்டை இறுக்குங்கள். உங்கள் ரெஞ்சில் கோடுகள் பத்துப் பத்தாக இல்லாமல் வேறு இடைவெளியில் இருக்கலாம், முறை இதேதான்.

அளவை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே வையுங்கள். 105-க்குத் தாண்டிவிட்டால் அப்படியே இரண்டு குறைக்காமல், 95 வரை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி வாருங்கள். திருகு மரையில் உள்ள சின்ன இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கமாக எடுபடும்.

பனிக்காலத்தில் காலை நேரத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உதகையில் புல்வெளி வெள்ளையாக உறையும் அளவுக்குக் குளிர் இருக்கும். ஷெட்டில் கிடந்த ரெஞ்சின் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். நடு அளவில் வைத்து, ஏற்கெனவே நன்றாக இறுகிய ஏதாவது ஒரு நட்டில் மாட்டி நாலைந்து முறை கிளிக் செய்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். முதல் கிளிக் மற்றவற்றைவிட முரடாக விழுவதை நீங்களே உணர்வீர்கள். இந்தப் பழக்கக் கிளிக்குகளுக்கு வண்டியின் வீல் நட்டைப் பயன்படுத்த வேண்டாம், வைஸில் பிடித்த ஒரு பழைய போல்ட் போதும்.

சக்கரம்: தொடக்கத்திலிருந்து முடிவு வரை

முதலில் இடம். நம் ஊரில் சமதரை கிடைப்பதே அபூர்வம், வீட்டு வாசலே சரிவாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஜாக்கி போடும் வேலையைச் சரிவில் செய்யக் கூடாது. பெட்ரோல் பங்க், பள்ளி மைதானம், மார்க்கெட் ஓரம் என்று எங்காவது சமமான கெட்டித் தரைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வளைவில் பஞ்சர் ஆகிவிட்டால், டயர் போனாலும் பரவாயில்லை என்று மெல்ல ஓட்டி ஓரிடத்துக்குப் போய்விடுவதே நல்லது.

ஹப் குளிர்ந்திருக்க வேண்டும். மலை இறங்கி வந்த உடனே டிஸ்க் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சூடான உலோகம் விரிந்திருக்கும், அந்த நிலையில் வைத்த இறுக்கம் ஆறியபின் அப்படியே இருக்காது. காலையில் வண்டியை எடுக்கும் முன் செய்வதுதான் சிறந்தது.

வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இதற்கு வீல் ஸ்பேனர் அல்லது நீளக் கைப்பிடி. டார்க் ரெஞ்சால் கழற்றக் கூடாது. துருப்பிடித்த நட்டைப் பெயர்க்க வேண்டிய விசை அதன் உச்ச அளவைத் தாண்டிவிடும், ஸ்பிரிங்கும் கட்டையும் அந்த ஒரு முறையிலேயே அளவு மாறிவிடலாம். பிறகு ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றுங்கள்.

இப்போதுதான் பலர் தாண்டிப்போகும் வேலை வருகிறது. ஹப்பின் முகத்தில், சக்கரம் வந்து உட்காரும் வட்டத்தைப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு நிற்கும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். சக்கரத்தின் உட்பக்கத்திலும் அதே போல. அந்தத் துருத் துகள் நடுவில் மாட்டினால் இறுக்கும்போது அளவு சரியாகத்தான் காட்டும். முதல் சில கிலோமீட்டரில் துகள் நொறுங்கியதும் அந்த மெல்லிய இடைவெளி இறுக்கத்தைத் தின்றுவிடும். போல்ட்டின் நீட்சியே மயிரிழை அளவுதான் என்பதால், காகிதக் கனத்துக்குத் துரு உதிர்ந்தாலும் பெரிய இழப்பு. ஸ்டட்டின் மரையையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து துணியால் துடையுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், கையேடே சொல்லியிருந்தால் தவிர. மழைக்குத் துருப் பிடிக்குமே என்ற கவலையில் கிரீஸ் தடவும் வழக்கம் எஸ்டேட் வண்டிகளில் உண்டு. 85 என்று இறுக்கினாலும் ஸ்டட் மேல் அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக இழுப்பு விழும் என்பதை மேலே கணக்கில் பார்த்தோம்.

நட்டின் இருக்கையையும் பாருங்கள். கோன் வடிவ நட்டு, கோன் வடிவக் குழியில்தான் உட்கார வேண்டும். டொயோட்டா அலாய் வீல்கள் சிலவற்றுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட்டு வரும், அதே வண்டியின் இரும்பு ஸ்டெப்னிக்கு இருக்கை வேறு. மாற்றிப் போட்டால் எந்த டார்க் வைத்தும் பயனில்லை.

சக்கரத்தை மாட்டி, எல்லா நட்டையும் விரலால் முடிந்தவரை திருகுங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி போடுங்கள். பிறகு ஸ்பேனரால் லேசாக, சக்கரம் ஹப்பில் முழுதாகப் படியும்வரை இறுக்குங்கள். நாலு நட் என்றால் குறுக்கும் நெடுக்குமாக, ஐந்து நட் என்றால் ஒன்றை விட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைகிற வரிசையில். பக்கத்து நட்டுக்கு நேராகப் போனால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தே இறுகிவிடும்.

ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொடட்டும். சக்கரம் சுழலாத அளவுக்கு எடை விழுந்தால் போதும். ரெஞ்சில் முதலில் பாதி அளவு வையுங்கள், 85 வேண்டுமென்றால் 45 போல. அதே குறுக்கு வரிசையில் ஒரு சுற்று. அப்புறம் முழு அளவை வைத்து இன்னொரு சுற்று. ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் ஒரு கையால் பிடியுங்கள், மற்றொரு கை தலைப் பக்கத்தை நட்டோடு நேராகத் தாங்கட்டும். உங்கள் பக்கமாக, ஒரே சீராக, ஒரு மூச்சு விடும் வேகத்தில் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளிக் விழுவதற்குள் கை தாண்டிப் போய்விடும். நட்டு பாதியில் நின்று போனால், அந்த இடத்திலிருந்து கிளம்ப அதிக விசை தேவைப்படும். நிற்கும் உராய்வு, நகரும் உராய்வைவிட அதிகம். அதனால் கடைசி இழுப்பு நகர்ந்துகொண்டே முடியும்படி பாருங்கள். ரெஞ்சைத் தொட்டதுமே கிளிக் விழுந்தால் அந்த நட் ஏற்கெனவே அளவை எட்டிவிட்டது, அல்லது தாண்டிவிட்டது. சந்தேகம் இருந்தால் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

காற்று கன் வைத்து இறுக்கிவிட்டு, கடைசியில் டார்க் ரெஞ்சை வைத்து ஒரு கிளிக் காட்டுவது பல இடங்களில் நடக்கிறது. கன் 150-க்குக் கொண்டுபோயிருந்தால் ரெஞ்ச் 85-இல் கிளிக் என்றுதான் சொல்லும். அது எதையும் நிரூபிக்காது. உங்கள் வண்டிக்கு வேலை நடக்கும்போது, “அண்ணா, கன் வேண்டாம், கையாலயே போட்டுடுங்க, நான் டார்க் வெச்சுக்கறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும், அலாய் வீலுக்கு இது கட்டாயம். உதகைக்காரர்களுக்குக் கணக்கு எளிது: மேட்டுப்பாளையம் ஒரு முறை போய் வந்தால் 100 ஆகிவிடும். மறுநாள் காலை, ஹப் ஆறியபின், அதே அளவில் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். நட்டு நகராமல் கிளிக் விழுந்தால் சரி. ஒரே சக்கரத்தில் எல்லா நட்டும் கொஞ்சம் நகர்ந்தால் இருக்கை படிந்திருக்கிறது என்று கொள்ளலாம், மறுபடி 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டட், நட், ஹப் முகம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

மற்ற இடங்கள்

சம்ப் டிரெயின் பிளக் பல கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அலுமினிய சம்ப்பில் ஸ்டீல் பிளக். மரை போய்விட்டால் சரிசெய்வது பெரிய செலவு. வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். கசிவதற்கு இறுக்கக் குறைவைவிடப் பழைய வாஷர்தான் பெரும்பாலும் காரணம்.

ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறியபின் மட்டும் தொடவும். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள எம்14 பிளக்குக்கு 25 முதல் 30, எம்12-க்கு 15 முதல் 20, எம்10-க்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். வாஷர் இல்லாத கோன் இருக்கைப் பிளக்குகளுக்கு இதைவிடக் குறைவு. மரை உலர்ந்திருக்க வேண்டும். முதல் சில சுற்றுகளை ரெஞ்சு இல்லாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் விரலால் திருகியே ஏற்றுங்கள்.

பிரேக் காலிபரில் இரண்டு வகைப் போல்ட் இருக்கும். சின்ன ஸ்லைடு பின் போல்ட்டுகள் குறைந்த அளவு கேட்கும், பிராக்கெட்டைத் தாங்கும் பெரியவை பல மடங்கு அதிகம் கேட்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் சின்னது முறிந்துவிடும். கல்லட்டியில் இறங்கும் வண்டிக்கு இந்த எண்ணைக் கையேட்டிலோ சர்வீஸ் புத்தகத்திலோ பார்க்காமல் கை வைக்கவே வேண்டாம்.

சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் வேறு ரகம். முதலில் ஒரு டார்க், அதன் பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை என்று கோணத்தில் இறுக்கச் சொல்வார்கள். உராய்வின் ஏமாற்றைத் தவிர்க்கத்தான் இந்த முறை: ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் தெரிந்தால், எத்தனை பாகை திருப்பினால் எவ்வளவு நீளும் என்பது கணக்காகிவிடும். இப்படி நீட்டப்பட்ட போல்ட்டுகளைப் பல இன்ஜின்களில் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் கம்பி, சாக்கெட் எல்லாம் நட்டின் நேர்கோட்டில் இருக்கும்வரை அளவு மாறாது. ஆனால் தலையிலிருந்து நீட்டி மாட்டும் ஸ்பேனர் முனை போட்டால் மாறும். ரெஞ்சின் நீளம் 40 சென்டிமீட்டர், முனை 5 சென்டிமீட்டர் நேராக நீட்டுகிறது, நட்டுக்கு 60 வேண்டும் என்றால், 60-ஐ 40-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்து 53 வைக்க வேண்டும். முனையை ரெஞ்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கே தேவையில்லை. கைப்பிடியில் குழாய் சொருகி நீளமாக்குவது மட்டும் கூடாது.

பராமரிப்பும் சோதனையும்

வேலை முடிந்ததும் அளவை ரெஞ்சின் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே, பூஜ்யத்துக்கு இறக்கக் கூடாது. ஸ்பிரிங் முழுதாகத் தளர்ந்தால் உள்ளே கட்டை இடம் மாறிவிடலாம். மலை ஈரத்தில் பெட்டியோடு மூடி வைத்தால் மட்டும் போதாது, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். குளிர்ந்த ஷெட்டிலிருந்து சூடான சமையலறைப் பக்கம் கொண்டுவந்தால் உடல் முழுதும் வியர்த்துவிடும், துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவினால் உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும். கீழே விழுந்த ரெஞ்சைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு தோராயச் சோதனை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் இறுக்கி, ரெஞ்ச் தரைக்குக் கிடையாக நிற்கும்படி வையுங்கள். 60 நியூட்டன் மீட்டர் அளவு போடுங்கள். கைப்பிடியின் நடுவில் ஒரு கயிறு கட்டி, அதில் வாளியைத் தொங்கவிடுங்கள். மையத்திலிருந்து கயிறு வரை 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெஞ்சின் சொந்த எடையும் கணக்கில் வரும்: ஒன்றரைக் கிலோ எடை, அதன் மையம் 20 சென்டிமீட்டரில் இருந்தால் அதுவே ஏறக்குறைய 3 கொடுத்துவிடும். மீதி 57-ஐ 0.42-ஆல் வகுத்து, பிறகு 9.81-ஆல் வகுத்தால் 13.8 கிலோ. வாளியில் மெல்லத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். கிளிக் விழுந்த நொடியில் நிறுத்தி, வாளியைத் தண்ணீரோடு எடை போடுங்கள். 13.2-க்கும் 14.4-க்கும் இடையே இருந்தால் 4 சதவீத எல்லைக்குள் இருக்கிறது. மூன்று நாலு முறை செய்து, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எடை வருகிறதா என்றும் பாருங்கள். எடை முறைக்கு முறை தாவினால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது.

இதில் சந்தேகம் வந்தாலும், ஓர் ஆண்டு ஆகிவிட்டாலும், 5,000 முறை இழுத்தாகிவிட்டாலும் முறையான சோதனைக்கு அனுப்ப வேண்டும். கோயம்புத்தூரில் என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடங்கள் இருக்கின்றன. கொடுக்கும்போது எந்த அளவுகளில் அதிகம் வேலை செய்கிறீர்கள் என்று சொல்லி, அந்த அளவுகளில் சோதிக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் சான்றிதழில் ஒவ்வோர் அளவுக்கும் எதிரே பிழை எவ்வளவு, கூடுதலா குறைவா என்று இருக்கும். 85-இல் 3 சதவீதம் குறைவாகத் தருகிறது என்றால், அந்தத் தாளைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, அடுத்த முறை ரெஞ்சில் 87 அல்லது 88 வைத்து இறுக்குங்கள்.